ஒளி வேறு, வெம்மை வேறு

கதிரவனிடமிருந்து நமக்குக் கிடைப்பவற்றுள் ஒளியும் உண்டு, வெம்மையும் உண்டு. இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்வதால் தமிழில் அவற்றை ‘வெயில்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ‘வெயில் அடிக்கிறது’ என்று சொல்லும்போது கண் கூசுவதையும் குறிக்கிறோம். உடல் வியர்ப்பதையும் குறிக்கிறோம். அரபு மொழியில் ‘ளவ்வு’ என்பது வெளிச்சம். ‘ஹர்ரு’ என்பது வெப்பம். திருமறை சூரியனுக்கு ‘ளியா’ என்னும் சொல்லையும், சந்திரனுக்கு ‘நூர்’ என்னும் சொல்லையும் ஆள்கிறது. நிழலுக்கு எதிராக அது நிறுத்தும் சொல்லோ வெப்பத்தைச் சுட்டும் ‘ஹரூர்’ என்பதாகும். இச்சொற்களுக்கெல்லாம் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லி வந்தவர்கள்தாம் நாம். ஆயினும் இவை வேறு வேறு பொருள்கள் என்பதை, ஒரு சிறுவன் நம் கண்முன் துடித்த பின்னரே உண்மையாக உணர்ந்தோம். அதனை எழுதுவது நமக்குப் பெருமை தருவதன்று. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் அவர்களுக்கு ஓதிக் கொடுப்பவர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதனாலேயே எழுதுகிறோம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையை அடுத்துள்ளது குந்தாரப்பள்ளி. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் கால்நடைச் சந்தை பெயர் பெற்றது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் வாரங்களில் கருநாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வணிகர்கள் வந்து குவிவார்கள். அவ்வூரில் சில ஆண்டுகள் நாம் மக்தபில் ஓதிக் கொடுத்து வந்தோம். சந்தையில் ஆடு வாங்கி விற்கும் ஒருவருடைய மகன் நம்மிடம் ஓத வந்தான். அப்போது அவனுக்கு வயது எட்டு. அவன் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை. எழுத்துக் கூட்டி ஓதுவதில் கெட்டிக்காரன், குரலும் இனிமையானது. பஜ்ருத் தொழுகைக்குப் பின் நடக்கும் வகுப்பில் அவன்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. கோடை விடுமுறையில் நண்பகல்வரை வகுப்பு நீளும்போதுதான் தொல்லை தொடங்கும்.

பத்து மணிக்குமேல் பிள்ளைகளைச் சிறிது நேரம் முற்றத்தில் விளையாட விடுவோம். மற்றவர்கள் வியர்க்க வியர்க்க ஓடிக் களித்துக்கொண்டிருக்க, இவன் சற்று நேரத்திலேயே கைகளை உதறிக்கொண்டு ஓடிவந்து, ஒளு செய்யும் ஹவ்ளில் முழங்கைவரை அமிழ்த்திக்கொள்வான். அழைத்தால் வரமாட்டான். “கை எரியுது ஹஜ்ரத்” என்பான். கையைப் பிடித்துப் பார்த்தால் கொப்புளம் இல்லை, புண் இல்லை, ஒரு தடிப்புக்கூட இல்லை. பாடத்திற்கு அஞ்சிச் சாக்குச் சொல்கிறான் என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். ஒளுவுக்குரிய தண்ணீரில் விளையாடலாமா என்று அதட்டிப் பலமுறை அவனை அங்கிருந்து விரட்டியும் இருக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை அவன் பாடத்தை ஒப்பிக்கவில்லை. முந்திய நாள் தந்தையுடன் சந்தையில் நின்றிருந்தான், இரவெல்லாம் உறங்கவில்லை. அது நமக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. “முற்றத்தில் போய் நில்” என்றோம். நம் இளமையில் நம் உஸ்தாதுமார் நமக்கு அளித்த தண்டனைதான் அது. கால் மணி நேரம் நின்றிருப்பான். முதலில் அழுதான், பிறகு கைகளைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு குனிந்தபடி நின்றான். மறுநாள் அவனுடைய தாயார் மக்தபின் வாசலுக்கு வந்தார்.

“ஹஜ்ரத், நீங்க அடிச்சிருந்தாக்கூட நான் வந்திருக்க மாட்டேன். வெயில்ல மட்டும் நிறுத்தாதீங்க. ராத்திரி முழுக்கக் குடத்துத் தண்ணிக்குள்ள கையை விட்டுக்கிட்டு அழுதான். ஃபேன் காத்து பட்டாக்கூடக் கத்துறான்.”

அவனையும் அழைத்து வந்திருந்தார். புறங்கைகளும் மூக்கும் கன்னங்களும் வீங்கியிருந்தன. நம் நாவில் சொல் எழவில்லை.

அக்குடும்பத்தார் அதுவரை செய்யாத வைத்தியமில்லை. ‘உடம்புச் சூடு’ என்று சிலர் சொன்னார்கள். அதற்காக எண்ணெய்க் குளியலும் இளநீரும் வெந்தயமும் கொடுத்துப் பார்த்தார்கள். பையனுடைய பாட்டியார், வெயிலில் காய்ந்த தண்ணீரைத் தொட்டதனால்தான் இந்த நோய் வந்தது என்றார். மாடியில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் நண்பகல் நீர் கொதிப்பதுபோல் இருப்பதை அவர் கண்டிருக்கிறார். பாட்டியாரின் பேச்சைக் கேட்டபோது நமக்கு மத்ரஸாப் பாடம் நினைவுக்கு வந்தது. வெயிலில் சூடான நீரை உடலில் பயன்படுத்துவது வெறுக்கத்தக்கது என்றும், அதனால் வெண்குட்டம் உண்டாகலாம் என்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் ஒரு சட்டம் உண்டு. இமாம் நவவி (ரஹ்) அவர்களும் தம் ‘மின்ஹாஜ்’ நூலில் அவ்வாறே எழுதினார்கள். ஆயினும் ‘ரவ்ளா’ என்னும் விரிந்த நூலில் ஆதாரங்களை எடைபோட்டு, அது வெறுக்கத்தக்கதன்று என்பதே ஆதாரத்தின்படி வலுவானது என்று கூறினார்கள். வழிவழியாக வந்த கருத்தையும் ஆதாரத்தால் உறுதிப்பட்ட கருத்தையும் பிரித்துப் பார்க்கும் அந்த நேர்மையை நாம் பாடமாக ஓதியிருந்தோம். அச்சிறுவனுடைய சொல்லை ஆராய்ந்து பார்ப்பதற்கு அதனைப் பயன்படுத்தவில்லை.

ஒரு மருத்துவர் ஒவ்வாமை என்றார். இன்னொருவர் வேர்க்குரு என்றார். இறுதியில் தோல்நோய் மருத்துவர் ஒருவரிடம் காட்டியபோது அவர் மருந்தெழுதுமுன் இரண்டு கேள்விகள் கேட்டார். “பஸ்ஸில் கண்ணாடியை மூடிக்கொண்டு வெயில் படும் பக்கம் உட்கார்ந்து வந்தாலும் எரிகிறதா?” “எரியும்போது தண்ணீரைத் தேடுகிறானா?” இரண்டிற்கும் தந்தையார் ஆம் என்றார். உடனே இரத்தம் எடுத்து, ஒளி படாமல் சுற்றிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. நோயின் பெயர் எரித்ரோபாயடிக் புரோட்டோபார்ஃபிரியா. இலண்டனில் மாக்னஸ் என்னும் மருத்துவரும் அவருடன் பணியாற்றியோரும் 1961-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக விளக்கி எழுதினர். வெளியில் தழும்போ கொப்புளமோ பெரும்பாலும் தோன்றாததால், இந்நோயுள்ள பிள்ளைகள் நடிக்கிறார்கள் என்றே பெற்றோரும் ஆசிரியரும் பல ஆண்டுகள் எண்ணிவிடுவது உலகெங்கும் நடக்கிறதாம். இதைக் கேட்டபோது அந்த ஆசிரியர்களுள் நாமும் ஒருவர் என்று தலை குனிந்தோம்.

மருத்துவர் சொன்னதையும் பின்னர் நாம் படித்தறிந்ததையும் எளிமையாகச் சொல்கிறோம். நம் இரத்தத்தின் செந்நிறத்திற்குக் காரணமான ‘ஹீம்’ என்னும் பொருளை உடல் எட்டுப் படிகளில் ஆக்குகிறது. கடைசிப் படியில், புரோட்டோபார்ஃபிரின் என்னும் பொருளுக்குள் இரும்பைப் பொருத்த ஃபெரோகெலட்டேஸ் என்னும் நொதி உதவுகிறது. பிறவியிலேயே அந்நொதி குறைந்தவர்களுக்கு இரும்பு பொருத்தப்படாத புரோட்டோபார்ஃபிரின் சிவப்பணுக்களில் தேங்கி, இரத்தத்தோடு தோலுக்கும் வந்து சேர்கிறது. இருளில் அது பேசாமல் கிடக்கும். ஊதா நிற ஒளி, குறிப்பாக 400 முதல் 410 நானோமீட்டர்வரை அலைநீளமுள்ள ஒளி, அதன்மேல் பட்டதும் அவ்வாற்றலை உறிஞ்சி, பக்கத்திலுள்ள ஆக்சிஜனை வீறுகொள்ளச் செய்து, தோலின் நுண்ணிய குருதிக்குழாய்களை உள்ளிருந்தே புண்படுத்துகிறது. இந்த ஊதா ஒளி கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதி. ஆகவே சன்னல் கண்ணாடி அதைத் தடுப்பதில்லை. கடையில் விற்கும் வழக்கமான வெயில் தடுப்புக் களிம்புகளும் பெரும்பாலும் தடுப்பதில்லை. வலிநிவாரண மாத்திரைகளும் இந்த வலியை அவ்வளவாகத் தணிப்பதில்லை. குளிர்ந்த நீர்தான் சற்று ஆறுதல் தருகிறது. நாம் அவனை விரட்டியது அந்த ஒரே மருந்திலிருந்துதான்.

சூரியக் கதிருக்குள் ஒளியும் வெப்பமும் தனித்தனியே உள்ளன என்பதை அறிவியல் உலகம் தெளிந்ததும் இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகக் கண்ணாடியால் கதிரை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில் வெப்பமானி மிகுதியாக ஏறிற்று. அதுவே அகச்சிவப்புக் கதிர். அடுத்த ஆண்டு ஜெர்மானியரான ரிட்டர், ஊதாவுக்கும் அப்பாலுள்ள இடத்தில் வெள்ளி உப்பு விரைந்து கறுப்பதைக் கண்டார். அதுவே புற ஊதாக் கதிர். ஒரு முனையில் சுடுவது. மறுமுனையில் பொருளை மாற்றிச் சிதைப்பது. நாம் ‘வெயில்’ என்று ஒரே வாயால் சொல்வது இத்தனையும் கலந்த ஒன்று.

அப்படியானால் அச்சிறுவனுடைய நோயில் வெம்மைக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. நோயை மூட்டுவது ஒளி. மூண்டதை வளர்ப்பது வெம்மை. இதுவே நாம் கற்றுக்கொண்ட பாடத்தின் சாரம். ஒளி படாத இடத்தில் ஓடியாடுவதால் மட்டும் இந்த நோய் எழுவதில்லை. ஆனால் வெயிலில் நின்றுகொண்டே ஓடியாடினால், அசையாமல் நின்றிருப்பதைவிட விரைவில் எரிச்சல் தொடங்குகிறது என்று நோயாளர் பலர் கூறுகின்றனர். உடல் சூடேறும்போது அச்சூட்டை வெளியேற்றத் தோலின் குருதிக்குழாய்கள் விரிந்து, தோலுக்கு வரும் இரத்தம் மிகுவது இதற்குக் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது. அந்த இரத்தம்தானே தேங்கிய பொருளைச் சுமந்து வருகிறது! ஒருமுறை எரிச்சல் கண்டுவிட்டால், அடுத்த சில நாட்கள்வரை அடுப்பின் அனல், வெந்நீர், வீசும் காற்று, கனத்த போர்வை ஆகிய எதுவும் வேதனையாகிவிடுகிறது. முதல் நாள் சிறிது நேரம் வெயில் பட்ட தோலுக்கு மறுநாள் தாங்கும் வலிமை இன்னும் குறைகிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையும் சனிக்கிழமைத் தண்டனையும் அவனை எப்படி வாட்டியிருக்கும் என்பது அதன் பிறகே நமக்கு விளங்கிற்று.

எங்கள் வட்டாரத்தில் இன்னொரு மயக்கமும் உண்டு. கிருஷ்ணகிரி கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு மணி நேரப் பயணத்தில் புழுக்கம் போய்க் குளிர்காற்று வந்துவிடும். ‘ஓசூரில் வெயிலே தெரியாது, பையனை அங்கே மாமா வீட்டில் விடுங்கள்’ என்று உறவினர் சொன்னார்கள். விட்டார்கள். அங்கே சூடு தெரியாததால் நெடுநேரம் வெளியில் சுற்றியவன் மூன்றாம் நாள் வீங்கிய முகத்தோடு திரும்பி வந்தான். குளிர்ந்த இடத்தில் எரிச்சல் சற்றுத் தாமதமாக வரலாம். ஆனால் ஒளி குறையவில்லை. சுடவில்லை என்பதால் தீங்கில்லை என்று எண்ணுவது, சுடுகிறது என்பதால் சூடுதான் நோய் என்று எண்ணுவதைப் போன்றதே. இரண்டும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

நோயின் பெயர் தெரிந்ததும் நாம் எதிர்த்திசையில் தவறு செய்தோம். ஓடாதே, ஆடாதே, வியர்க்காதே என்று அவனை அறைக்குள் அடைத்தோம். பெற்றோரும் அஞ்சிப் பள்ளிக்கூட விளையாட்டிலிருந்து முற்றும் விலக்கினார்கள். ஓராண்டில் பிள்ளை தடித்துப் போனான், யாருடனும் பேச்சில்லை, ஓதும் குரலிலும் உயிரில்லை. மருத்துவரிடம் மீண்டும் சென்றபோது அவர் வருந்தினார். “நான் ஒளியைத்தானே விலக்கச் சொன்னேன்? விளையாட்டை யார் விலக்கச் சொன்னது?” என்றார். அஸருக்குப் பின் நிழல் நீண்டாலும் ஒளி இருக்கிறது, ஆகவே மஃரிபுக்குப் பின் விளையாடட்டும். எரிச்சல் கண்ட நாட்களில் மட்டும் உடலைச் சூடேற்ற வேண்டா. விளையாடிச் சூடான உடலோடு வெளிச்சத்திற்கு வரவேண்டா. அடர்ந்து நெய்த முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் கையுறையும் வேண்டும். சூரிய ஒளி படாததால் குறையும் ‘டி’ உயிர்ச்சத்தை மருந்தாகக் கொடுக்கவேண்டும். சிலருக்கு இந்நோய் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் சோதிக்கவேண்டும் என்று விளக்கினார். தோலில் நிறமியைப் பெருக்கி ஒளியைத் தாங்க உதவும் அஃபமெலனோடைட் என்னும் மருந்துக்கு ஐரோப்பாவில் 2014-லும் அமெரிக்காவில் 2019-லும் அனுமதி கிடைத்துள்ளது. ஆனால் அது எளிய குடும்பத்தாரின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. அன்று முதல் பிள்ளைகள் மஃரிபுக்குப் பின் இறகுப்பந்து ஆடத் தொடங்கினார்கள். அவனுக்காகத்தான் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஒளி தாங்காத பிறவி நோய்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதையும் சொல்லவேண்டும். துனீசியா, மொராக்கோ முதலிய நாடுகளில் ‘அத்ஃபாலுல் கமர்’, அதாவது ‘நிலவின் குழந்தைகள்’ என்று அழைக்கப்படும் பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய நோய் ஸீரோடெர்மா பிக்மென்டோஸம். புற ஊதாக் கதிர் உயிரணுவின் மரபுப்பொருளில் உண்டாக்கும் சேதத்தை அவர்களுடைய உடல் சரியாகப் பழுதுபார்ப்பதில்லை என்பதை 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். முகத்தில் இளமையிலேயே புள்ளி புள்ளியாகக் கருமை படரும். காப்பின்றி விட்டால் பத்து வயதுக்குள்ளேயே தோலில் புற்றுநோய் வரக்கூடும். முன்னைய நோய் உடனே அலறச் செய்து, சுவடு அதிகம் வைக்காமல் போகிறது. இதுவோ பல பிள்ளைகளிடம் அன்று ஓசையின்றி வந்து, ஆண்டுகள் கழித்துக் கணக்குக் கேட்கிறது. இந்நோயில் வெப்பம் தானாகத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் ஓடியாடி வியர்த்தால் பூசிய களிம்பு கரைந்துபோகிறது. போர்த்திய உடையோ புழுங்குகிறது. பிள்ளை அதைக் கழற்றி எறிகிறது. அந்த வழியாகத்தான் வெம்மையும் உழைப்பும் இங்கே கேடு செய்கின்றன.

உயிரணு தன் சேதத்தை வெட்டியெடுத்துச் சீராக்கும் முறையை விளக்கியதற்காக 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவருள் ஒருவர் அஸீஸ் ஸன்ஜார். துருக்கியின் மார்தின் மாகாணத்தில் ஸாவூர் என்னும் சிற்றூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர். பிள்ளைகளைப் படிக்க வைத்தே தீருவது என்று உறுதி கொண்ட பெற்றோர் அவர்கள். நம் இல்லங்களிலும் இந்த வரலாறு பேசப்படவேண்டும்.

பிறவியிலேயே நிறமி குன்றி வெண்மையாகப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் பகையாவது ஒளியே. தோலோடு கண்ணையும் காக்கவேண்டும். இதற்கு மாறாக, வெம்மையே பகையான பிறவிக் குறையும் உண்டு. சிந்து நாட்டில் ஒரு குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்கள் பற்கள் குறைந்தும் முடி குறைந்தும் பிறந்து, தோல் வறண்டு, கோடை வெப்பத்தில் பெரிதும் வருந்தினர் என்று சார்லஸ் டார்வின் 1875-இல் வெளியான தம் நூற்பதிப்பில் எழுதியிருக்கிறார். வியர்வைச் சுரப்பிகள் குறைந்த பிறவி அது என்பது பின்னர் விளங்கிற்று. அத்தகைய பிள்ளையை நிழலில் ஓடவிட்டாலும் ஆபத்து; நம் மாணவனையோ ஒளி படாத இடத்தில் தாராளமாக ஓடவிடலாம். ‘வெயில் ஆகாது’ என்னும் ஒரே சொற்றொடர் இருவரையும் ஒன்றாக்கிவிடும். பெற்றோர்தாம் பிரித்தறிய வேண்டும்.

நம் மார்க்கம் இந்தப் பிரித்தறிதலுக்கு இடம் தராததா? கடும் வெப்பக் காலத்தில் லுஹர்த் தொழுகையை வெப்பம் சற்றுத் தணியும்வரை தாமதிக்கலாம் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. நோயாளிக்கு ஜும்ஆவில் சலுகை உண்டு. இஹ்ராமில் குடை பிடிக்கத் தடையில்லை. ஆண் நோயின் காரணமாகத் தலையை மூட நேர்ந்தால் அதற்குப் பரிகாரமும் வகுக்கப்பட்டுள்ளது. குகைவாசிகளின் வரலாற்றைத் திருமறை சொல்லும்போது, சூரியன் உதிக்கையிலும் மறைகையிலும் அவர்களை விட்டு விலகிச் சென்றதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் அந்த ‘கஹ்ஃபு’ அத்தியாயத்தை ஓதி வந்தும், ஒரு பிள்ளையை விட்டு வெயில் விலகுவதும் அருளாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை.

இன்னொரு வேதனையையும் மறைக்கக் கூடாது. பிறவி நோய் என்றதும் உறவினர் சிலர் அச்சிறுவனுடைய தாயாரைப் பழித்தார்கள். ‘அவள் வழியில் வந்தது’ என்றார்கள். மருத்துவர் அதனை மறுத்தார். இந்நோயில் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு குறை பிள்ளைக்கு வந்து சேர்கிறது. ஒருவரிடமிருந்து வருவது பெருங்குறை, மற்றவரிடமிருந்து வருவது பொதுமக்களிடம் பரவலாகக் காணப்படும் சிறுகுறை. இருவரும் நோயற்றவர்களாகவே இருப்பர். ஆகவே உறவுக்குள் மணம் செய்யாதவர்களுக்கும் இது வரலாம். ஸீரோடெர்மா போன்ற அரிய நோய்களிலோ, உறவுக்குள் மணம் செய்யும்போது ஒரே பாட்டனாரின் ஒரே குறை இருபுறமும் வந்து சந்திக்கும் வாய்ப்பு மிகுகிறது. 2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்ளேயே நடந்தவை என்று தெரியவந்தது. எல்லாச் சமயத்தவரும் இதில் அடங்குவர். சிறிய தந்தை, பெரிய தந்தை, மாமன், அத்தை ஆகியோரின் மக்களை மணப்பதை நம் மார்க்கம் அனுமதித்திருக்கிறது, ஏவவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘இஹ்யா’வில், மணமகளிடம் பார்க்கவேண்டியவற்றுள் நெருங்கிய உறவினளாக இல்லாதிருத்தலையும் சேர்த்துள்ளார்கள். ‘மின்ஹாஜ்’ நூலும் அதையே விரும்பத்தக்கதாகக் கூறுகிறது. குடும்பத்தில் இத்தகைய நோய் கண்டிருந்தால், பேச்சு முடிப்பதற்கு முன்பே மரபியல் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்பது தவக்குலுக்கு மாறானதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதும் தவக்குலே அன்றோ?

அச்சிறுவன் இப்போது வளர்ந்து ஓசூரில் தொழிற்கல்வி பயில்கிறான். அங்கே தொழிற்சாலைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லா வேலையும் அவனுக்கு ஆகாது. பற்றவைப்பின் சுடரிலும் அந்த ஊதா ஒளி உண்டு. உலைக்களத்தின் அனலோ மூண்ட வலியை வளர்க்கும். ஆகவே மேசைமுன் அமர்ந்து இயந்திரங்களை வரையும் பிரிவை அவனே தேர்ந்துகொண்டான். தன் நோயைத் தன் வாயாலேயே ஆசிரியர்களிடம் விளக்கிச் சொல்கிறான். அந்தத் துணிவை நாம் கொடுக்கவில்லை. நாம் கொடுத்திருக்க வேண்டும்.

மனிதனுக்கு மனிதன் செய்த தீங்கை, பாதிக்கப்பட்டவன் மன்னிக்கவேண்டும் என்று மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். நோயின் பெயர் தெரிந்த அன்றே அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் வெட்கத்தோடு தலையசைத்தான். ஆனால் பருவமடையாத பிள்ளை தன் உரிமையை விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது என்பது ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. அதனை அறிந்திருந்த நமக்கு அந்தத் தலையசைப்பு அமைதி தரவில்லை. ஆண்டுகள் பல காத்திருந்தோம். சென்ற பெருநாளைக்கு முந்திய வாரம் மஃரிபுக்குப் பின் அவன் நம்மைப் பார்க்க வந்தபோது மீண்டும் கேட்டோம்.

சிறிது நேரம் யோசித்தான்.

“வெயில்ல நிறுத்தினது எனக்குச் சரியா ஞாபகம் இல்லை ஹஜ்ரத். அன்னைக்கு யாருக்குத் தெரியும்? அதை விட்டுடுங்க. ஹவ்ளுத் தண்ணியிலேர்ந்து கையை எடுன்னு சொல்வீங்களே, அதுதான் ரொம்ப நாள் மனசுல இருந்துச்சு.”

மன்னித்துவிட்டதாகச் சொன்னான். பிறகு எழுந்து போய், பழைய பழக்கம் போலும், ஹவ்ளின் ஓரத்தில் அமர்ந்து இரு கைகளையும் முழங்கைவரை நீரில் விட்டுக்கொண்டான். அன்று அவனுக்கு எரிச்சல் இல்லை. நாமும் அருகில் போய் அமர்ந்தோம்.